அறுநூத்தி நாப்பது அடி

படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து
நாலாம் எலும்புக்கும் ஐந்துக்கும் நடுவே
பேனாவால் தொட்டார் டாக்டர்.
ராடும் ராடும் சேருமிடத்தில் மரை தேய்ந்தால்
என்ன ஆகும் என்று
திருச்செங்கோட்டு ரிக் ஆபீசில்
பதினேழு வருஷமாய்க் கணக்கெழுதுகிறவளுக்கு
யாரும் விளக்க வேண்டியதில்லை.
'எதுல உக்காந்து வேலை செய்யறீங்க?'
சொல்லக் கூச்சமாயிருந்தது.

பிளாஸ்டிக் சேர்.
முதுகில் விரிசல். விரிசலுக்குக் காலண்டர் அட்டை.
அட்டை மேல் ஒரு பொன்னாடை,
முதலாளிக்கு யாரோ போர்த்தியது.
அவர் கண்ணில் அது பட்டதேயில்லை.
அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்பேன்,
மீதியைச் சேலை மறைத்துவிடும்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், மாடிக் கடை.
'வாங்க்கா. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரமுங்க?'
நவநீதன் என்று சட்டையில் குத்தியிருந்தது.
கடை முழுக்க நாற்காலி.
அவன் உட்கார ஒன்றுமில்லை,
விலைச்சீட்டுப் பெட்டி மேல் ஒரு காலை வைத்துக்கொள்கிறான்.

முதலில் ஒரு கறுப்புத் தோல்.
உட்கார்ந்ததும் பின்னால் சரிந்தது;
யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.
அடுத்தது வலை. காற்று வரும், கை ஏறும் இறங்கும்.
நான் ஐந்தடி ஒன்று.
கால் தரைக்கு எட்டாமல் ஆடியது,
ராட்டினத்தில் ஏற்றிவிட்ட பிள்ளை மாதிரி.
'கீழ பலகை போட்டுக்கலாமுங்க்கா.'
தலைக்குத் தாங்கல் வைத்தது கொண்டையை இடித்தது.
'கொண்டையை அவுத்துட்டுப் பாருங்' என்று ஆரம்பித்தவன்
என் முகத்தைப் பார்த்து
அடுத்ததை உருட்டி வந்தான்.

சாம்பல் நிறம். தூசி. சீட்டு பாதி கிழிந்திருந்தது.
அதில் உட்காரவும் போன் அடிக்கவும் சரியாயிருந்தது.
ராய்ப்பூருக்கு அந்தப் பக்கமிருந்து அர்த்தநாரி.
'அக்கா, அறுநூத்தி நாப்பதுல ஹேமர் மாட்டிக்கிச்சுங்க.'
'உள்ள எத்தன ராடு?'
'முப்பத்திரண்டு.'

முப்பத்திரண்டு ராடு, ஒரு ஹேமர், ஒரு பிட்,
தண்ணீர் வராத குழிக்குப் பணம் தரமாட்டேன் என்கிற ஊர்.
நோட்டீசின் பின்பக்கம் பெருக்கினேன், கழித்தேன்.
துர்க்கிலிருந்த நம் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டேன்.
டீசல்காரரிடம் திங்கட்கிழமை வரை தவணை கேட்டேன்.
பையன்களுக்கு பேட்டா போட்டேன்.
நடுவில் யாரோ என் பக்கத்தில் டீ வைத்தார்கள்.

'என்னக்கா, ஏசி சத்தமாட்டக் கேக்குது?'
'சேர் வாங்க வந்தேன், அர்த்தநாரி.'
கம்ப்ரஸர் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது.
'நல்லதாப் பாத்து வாங்குங்க. நாங்க
நேத்து மத்தியானத்துல இருந்து நிக்கறோம்.'
குத்திக்காட்டவில்லை.
மணி கேட்டால் மணி சொல்வதுபோல் சொன்னான்.

ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.
இடுப்பு என்று ஒன்று இருப்பதை
எழும்போதுதான் நினைத்தேன்.
'இதையே போடு, தம்பி.'
'வெல கேக்கலீங்களேக்கா.'
கேட்டேன். பத்தாயிரத்து எண்ணூறு.
ஒன்பதரைக்குக் கட்டாது என்றான்,
கட்டியது.

சாயங்காலம் ஹேமர் அசைந்ததாய்ச் செய்தி வந்தது.
ராடு இரண்டு போச்சு.

பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது?
மரச்சாமான் என்றால் முதலாளி விரல் அங்கே நிற்கும்.
'ராடு, மரைத் தேய்மானம்' என்ற பக்கத்தில்
இரண்டு ராடுக்குக் கீழே
மூன்றாவது வரியாய் எழுதினேன்.
பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

சேரைப் பூட்டியபின்
ஒரு போல்ட் மிச்சமிருந்தது.
நவநீதனுக்குப் போன் போட்டேன்.
'எச்சாத்தான் ஒண்ணு வருமுங்க்கா.'
இருக்கலாம்.
டிராயரைத் திறக்கும்போதெல்லாம் உருள்கிறது.
காலையில் உட்காரும் முன்
ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொள்கிறேன்.